பாலத்து ஏற்றத்தில் விட்டுவந்த கல்

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் சொந்தப் பற்கள் அல்ல. ஆறு வருடங்களுக்கு முன்னால், மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வரும்போது, சாலையில் கிடந்த ஒரு கல்லில் ஏறி விழுந்தேன். லாரியோ டிராக்டரோ அங்கே நின்றுபோயிருக்க வேண்டும். சக்கரம் உருளாமல் இருக்க யாரோ கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி சரியானதும் ஏறி உட்கார்ந்து போய்விட்டார்கள். கல் மட்டும் போகவில்லை. மகளுக்கு முகவாயில் நான்கு தையல். அவள் சிரித்தால் அந்தக் கோடு இன்றைக்கும் தெரியும்.

அன்று வாயெல்லாம் ரத்தத்தோடு தார்ச் சாலையில் உட்கார்ந்தபடியே ஒரு பதுவா கொடுத்தேன். எங்கள் வீடுகளில் சாபத்தைப் பதுவா என்போம். அநியாயத்துக்கு ஆளானவர் மனம் நொந்து கொடுத்தால் அது பலிக்காமல் போகாது என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். "இந்தக் கல்ல இங்க போட்டுட்டுப் போனவன் கை வெளங்காமப் போவ!" இப்படித்தான் கத்தினேன். கூடி நின்றவர்கள் யாரும் தப்பாக நினைக்கவில்லை. எனக்கும் துளி வருத்தமில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கிறுக்கு பிடித்துக்கொண்டது. சாலையில் எங்கே கல்லைப் பார்த்தாலும் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, அதை உருட்டிப் பள்ளத்தில் தள்ளிவிட்டுத்தான் மறுபடி ஏறுவேன். ஸ்கூட்டரை விட்டுக் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாமாவுக்கு, அதாவது என் கணவரின் அப்பாவுக்கு, இதில் ஒரே கேலி. "பஞ்சாயத்துல சொல்லி ஒனக்கு ஒரு சம்பளம் போடச் சொல்லணும்மா" என்பார். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஊரில் அத்தனை பேரும் கண்ணிருந்தும் பார்க்காமல் போகிறார்கள், நான் ஒருத்திதான் பொறுப்பானவள் என்று ஒரு எண்ணம்.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்த நாளைத்தான் சொல்ல வருகிறேன்.

கணவர் வளைகுடாவில் இருக்கிறார். மாமி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. மாமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. குடவாசலுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து கும்பகோணத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். பத்து மணிக்கு அவர் முறை. பிந்தினால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். நான் சொல்லும் நாளுக்கு முந்தைய முறை பாதியிலேயே ரத்த அழுத்தம் இறங்கி இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். அதனால் உடம்பிலிருந்து இறங்க வேண்டிய நீர் இறங்கவில்லை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிந்தவே கூடாது.

தை மாதக் கடைசி. சம்பா அறுவடை மும்முரம். எங்கள் பக்கம் அந்த மாதங்களில் சாலையில் பாதி களமாகிவிடும். ஈரப்பதம் கூடினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால், வெயில் விழும் தார்ச் சாலை எல்லாம் நெல்தான். நெல்லின் மேல் வண்டி ஏறிவிடாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்துச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். எங்கள் மண் வெறும் வண்டல், கல் என்று தேடினால் அவ்வளவு லேசில் கிடைக்காது. செங்கல் துண்டு, உடைந்த மைல் கல், எங்கோ வரப்போரம் சாய்ந்து கிடந்த சர்வே கல் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் வைத்திருப்பார்கள்.

ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில், வைக்கோல் கட்டு ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தோம். பத்து நாளாகவே கிளட்ச் சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம்தான் கூடுமே தவிர வேகம் கூடாது. ஹேண்ட் பிரேக்கும் தளர்ந்திருந்தது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று ஏற்றத்தின் பாதியில் கருகிய வாடை வந்தது. எஞ்சின் அலறியது, வண்டி ஒரு அங்குலம் முன்னே போகவில்லை. அதன்பின் பின்னால் நழுவ ஆரம்பித்தது.

பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து எரியவிட்டேன். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டேன். ஆனால் கிளட்ச் தேய்ந்த வண்டியைக் கியரை நம்பி விட முடியாது. ஸ்டியரிங்கை ஒடித்து வைத்தேன், ஒருவேளை நழுவினாலும் நடுச் சாலைக்குப் போகாமல் ஓரத்துச் சுவரில் முட்டி நிற்கட்டும் என்று. பிறகு மாமாவை இடது பக்கமாக இறக்கி, வண்டிக்குப் பின்னால் நிற்கவிடாமல், மேலே பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் உட்கார வைத்தேன்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா" என்றார்.

"எனக்கும்தான் மாமா. அங்கேயே உக்காருங்க, எழுந்திரிக்காதீங்க."

திரும்பிப் பார்த்தால் வண்டி ஒரு விரற்கடை பின்னால் போயிருந்தது. இன்னொரு விரற்கடை போவது கண்ணெதிரே தெரிந்தது. பாலத்தின் அடிவாரத்தில், முப்பது நாற்பது அடி தள்ளி, நெல் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. ஓடினேன். வரிசையில் இருந்ததிலேயே பெரிய கல்லை, உடைந்த சர்வே கல்லின் தலைப்பகுதியை, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டுநர் பக்கத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினேன். இடப்பக்கச் சக்கரம் மண்ணில் இருந்தது. அங்கே வைத்தால் கல்லே புதைந்துவிடும். வண்டி ஒரு முனகல் முனகிக் கல்லின் மேல் சாய்ந்து நின்றது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு டிக்கியில் அரிசி மூட்டைக்கு அடியிலிருந்து சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு ஐம்பது அறுபது எட்டு பின்னால் நடந்து போய் வைத்தேன். அதைத் தனியாகக் கடையில் தேடி வாங்கியவள் நான். ஓட்டக் கற்றுக்கொடுத்த பள்ளியில் இதையெல்லாம் சொல்லித் தரவில்லை. வண்டியோடு நிற்கும் பெண்ணைப் பார்க்க ஊரே இறங்கும் என்பதால் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நானாகத் தேடித் தெரிந்துகொண்டது.

ஊரெல்லாம் இறங்கவில்லை. ஒரு டிராக்டர்காரர்தான் இறங்கினார். எதிர்ப்பக்கம் நின்ற பூவரசில் ஒரு கிளையை ஒடித்து முக்கோணத்துக்குப் பக்கத்தில் போட்டார். முக்கோணத்தைவிட அதைப் பார்த்தால்தான் எங்கள் பக்கம் வண்டிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பிறகு டிராக்டரிலிருந்து கயிற்றை எடுத்தார்.

"கட்டி இழுத்துட்டுப் போயிரலாங்க. நீங்க ஸ்டியரிங்க மட்டும் பாத்துக்குங்க."

"வேணாங்க. எஞ்சின் ஓடாம பிரேக் கல்லு மாதிரி ஆயிரும். நீங்க நிறுத்துனா நான் நேரா வந்து ஒங்க டிப்பர்ல மோதுவேன்."

"நாங்க எத்தன காரு இழுத்திருக்கோம்!" என்றார் கோபமாக.

"இருக்கலாம். இந்தக் காரு வேணாம்."

மாமா சுவரோரத்திலிருந்து, "அவரு இழுக்கட்டுமேம்மா, நேரமாவுது" என்றார். நான் அசையவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டு ரெக்கவரி வண்டி அனுப்பச் சொன்னேன். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் மாமாவின் மூச்சை எண்ணிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மேலுக்கும் கீழுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

ரெக்கவரி வண்டி முன்னால் வந்து நின்று, பலகையை இறக்கி, கம்பிக் கயிற்றைக் கொக்கியில் மாட்டி, காரை மெதுவாக மேலே இழுத்தது. அதே நேரம் காலியாக ஒரு ஆட்டோ வந்தது. கையைக் காட்டி நிறுத்தி மாமாவை ஏற்றினேன். காருக்குள் இருந்த மருத்துவமனை ஃபைல், அவர் கைக்கு வைக்கும் தலையணை, தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர், எல்லாவற்றையும் எடுத்தேன். ஆட்டோவில் ஏறப் போனவள் மறுபடி இறங்கி ஓடிப் போய் முக்கோணத்தை மடக்கி எடுத்து வந்தேன். கிளையை ரெக்கவரிக்காரர் காலால் தள்ளிப் பள்ளத்தில் விட்டார். ஒன்றும் விட்டுவிடவில்லையே என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

என் பொருள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். கல் என் பொருள் இல்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தோம். மாமாவைப் படுக்க வைத்து, கையில் ஊசிகள் ஏற்றி, குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததும் நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். பதறாமல், கயிறு கட்டி இழுக்கவும் விடாமல், எல்லாம் முறையாகச் செய்து முடித்தோமே என்று. கணவருக்கு வாட்ஸப்பில் நீளமாகப் பேசி அனுப்பினேன். அதில் என் சாமர்த்தியம்தான் பாதி.

பதினொன்றரைக்குப் பசித்தது. டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டேன். புர்காவின் கை ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தட்டினேன், போகவில்லை. நகக் கண்ணிலும் வெள்ளை. சுண்ணாம்பு.

இட்லி கையிலேயே நின்றுவிட்டது.

அந்த இடத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கார் முன்பக்கமாக மேலே ஏறுகிறது. பின்சக்கரம் கல்லை விட்டு விலகுகிறது. நான் ஃபைலை எடுக்கிறேன். முக்கோணத்தை எடுக்க ஓடுகிறேன். அப்படியானால் கல்லைத் தாண்டித்தானே ஓடியிருக்கிறேன்? இரண்டு தடவை தாண்டியிருக்கிறேன். சாலையின் இடது பாதிக்கு நட்டநடுவில், ஏற்றத்தில், முழங்கால் உயரத்தில் பாதி இருக்கும் கல். கார்காரன் பார்த்து ஒதுங்குவான். வேன் என்றால் சக்கரங்களுக்கு நடுவே விட்டுப் போய்விடும். வேனுக்குப் பின்னால் வருகிற ஸ்கூட்டர்? பள்ளிக்கூடம் விட்டு மகளை ஏற்றிக்கொண்டு வருகிற ஒருத்தி?

நாக்கு தானாகப் போய் அந்தப் பொய்ப் பற்களைத் தொட்டது.

ரெக்கவரிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் திருவாரூர் பக்கம் வேறொரு வண்டி எடுக்கப் போய்விட்டார். "அட விடுங்கக்கா. யாராவது எடுத்துப் போட்டிருப்பாங்க."

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "அதெல்லாம் யாராவது எடுத்திருப்பாங்க மேடம். கிளட்ச் பிளேட்டு சுத்தமா போச்சு, அதப் பேசுவோமா?"

கணவருக்கு மறுபடி பேசி அனுப்பினேன். பதில் வந்தது. "யாராச்சும் எடுத்துருப்பாங்கம்மா. அத்தாவ தனியா விட்டுட்டு நீ எங்கயும் போயிராத." அப்பாவை அவர் அத்தா என்றுதான் சொல்வார்.

யாராவது, யாராவது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அந்த யாராவது இந்த உலகத்தில் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடமாக அந்த யாராவது நான்தான். நானே போட்டுவிட்டு வந்திருக்கிறேன், இனி எடுப்பது யார்?

உட்கார முடியவில்லை. எழுந்தால் நிற்க முடியவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். ஒரு தடவை யாரோ ஒரு பெண்ணைத் தாங்கலாக இறக்கினார்கள். அவள் பிள்ளைத்தாய்ச்சி, பிரசவத்துக்கு வந்தவள். அவள் வலியில் முகம் சுளிக்க, எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்காகவும் என்மேலேயே வெறுப்பு வந்தது. நான் கொடுத்த பதுவாவின் வார்த்தைகள் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தன. யார் என்று பேர் சொல்லிக் கொடுக்கவில்லையே. கல்லைப் போட்டுவிட்டுப் போனவன் என்றுதான் சொன்னேன். அதில் இப்போது நானும் அடக்கம்.

உள்ளே போய் மாமாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தக் கல்லு, நெல்லுக்கிட்டேருந்து தூக்கிட்டு வந்தியே, அதா?"

"ஆமா மாமா."

"போயி எடுத்துட்டு வா."

"உங்கள விட்டுட்டு எப்புடி மாமா? போன தடவ மாதிரி பிரஷர் எறங்குச்சுன்னா?"

"எறங்குனா இவங்க பாப்பாங்க. நீ இங்க நின்னு என்ன பண்ணப்போற? நான் எங்கயும் ஓடிரமாட்டேன், குழா போட்டுக் கட்டிப் போட்டிருக்காங்கல்ல." கண்ணைத் திறந்தார். "போம்மா. நீ நடக்குற நடையில எனக்கு இப்பவே பிரஷர் ஏறுது."

நர்ஸிடம் என் நம்பரை இரண்டு தடவை சொல்லி எழுத வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். இரண்டு மணிக்கு அவரை இயந்திரத்திலிருந்து எடுப்பார்கள். அதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆட்டோக்காரரை அவசரப்படுத்தினேன், பிறகு மெதுவாகப் போகச் சொன்னேன், பிறகு மறுபடி அவசரப்படுத்தினேன். எதிரே வந்த ஒவ்வொரு இருசக்கர வண்டியையும் எண்ணினேன். ஏறி வந்தவர்கள் எல்லாரும் முழுசாக இருந்தார்கள். ஒவ்வொருவரையும் கடக்கும்போது இறைவனுக்கு நன்றியாக ஒரு அல்ஹம்துலில்லாஹ். கடைசியில் எண்ணிக்கை தவறிவிட்டது.

பாலத்தைத் தாண்டி ஆட்டோவை அடிவாரத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஏற்றத்தில் கல் இல்லை. சாலை சுத்தமாக இருந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், யாராவது என்று சொன்னவர்கள் எல்லாரும் சரி, நான்தான் கிறுக்கி என்று சந்தோஷப்பட்டேன். பிறகு தார் மேல் ஒரு நீளமான கீறலைப் பார்த்தேன். கீறலின் முடிவில் மஞ்சள் பிளாஸ்டிக் சில்லுகள். இண்டிகேட்டர் உடைந்த சில்லு.

நெல்லுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி அழுதது போல் இருந்தது. அவர் காலடியில் அந்தக் கல்.

"என்னாங்க தேடுறீங்க, பாய் வீட்டம்மா?" என்று கேட்டார்.

"இங்க யாராவது விழுந்தாங்களாக்கா?"

"ஒங்க ஆளுங்களா?"

"இல்ல. யாரு விழுந்தது?"

அவர் பொரிந்து தள்ளினார். "பதினோரு மணி இருக்குங்க. வூட்டுக்குப் போயி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டு வந்து நெல்லைத் துழாவிட்டு இருக்கேன். வேன் ஒண்ணு போச்சு, பின்னாடியே ஒரு ஆளு மோட்டார் சைக்கிள்ல வந்தாரு. வேனு தாண்டுச்சு. இவரு கல்லுல ஏறி அப்புடியே தூக்கி வீசிட்டாருங்க. கைய ஊணி விழுந்தாரு. மணிக்கட்டு இம்மாம் பெருசு வீங்கிப் போச்சு. நான்தான் ஓடிப் போயித் தூக்குனேன். தூக்குனா, கல்லைப் பாக்குறாரு, சுண்ணாம்பு. என் நெல்லைப் பாக்குறாரு, இங்கயும் சுண்ணாம்பு. ஏண்டி, ஒன் நெல்லுக்கு என் உசுரு கேக்குதான்னு கைய ஓங்கிட்டு வராரு. நான் வெக்கிலீங்கன்னு மாரியம்மா மேல சத்தியம் பண்றேன், நம்பல. போட்டோ புடிச்சிட்டுப் போயிருக்காரு. கட்டுப் போட்டுட்டு ஆளுங்களோட வரேன், நெல்லை மொத்தமா வாரி ஆத்துல கொட்டுறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ரோட்டுல காயப் போட்டது தப்புன்னு போலீசும் என்னத்தான் சொல்லும். நாலு நாளா கெடந்து காயவெச்ச நெல்லுங்க."

பதினோரு மணி. நான் இட்லியைப் பிட்டது பதினொன்றரைக்கு. நான் பதறியது, நடந்தது, போன் போட்டது எல்லாமே விழுந்தவர் விழுந்த பிறகுதான். அவர் சாலையில் கிடந்த நேரத்தில் நான் கணவருக்கு என் சாமர்த்தியத்தைச் சொல்லி முடித்திருந்தேன்.

"அதுவும் என் வரிசையிலேருந்து எடுத்த கல்லுங்க" என்று அவர் தொடர்ந்தார். "எடுத்தவன் எடுத்த எடத்துல வெக்கக் கூடாதா? அவரு திட்டுறப்ப நானும் சேந்து திட்டுனேன். எவன் வெச்சானோ அவன் கை வெளங்காமப் போவன்னு."

அந்தப் பெண் இடம் மாறாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. ஏறிப் போய்விடலாம். அங்கே என்னை அடையாளம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மணி பன்னிரண்டே முக்கால். மாமா தனியாகக் கிடக்கிறார். போவதற்கு நல்ல காரணம் ஒன்று கையில் தயாராக இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாத காரணம். அதைச் சொல்லிவிட்டு ஏற ஒரு எட்டு எடுத்தும் வைத்தேன். பொய் சொல்லவில்லை, எடுத்தேன்.

பிறகு, "நான்தாங்க வெச்சேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கார், கிளட்ச், மாமாவின் மூச்சு, ரெக்கவரி வண்டி, முக்கோணத்தை எடுக்க மறுபடி ஓடியது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் எழுந்து நின்றார்.

"அவரு வரப்ப இத சொல்றீங்களா?"

"சொல்றேன்."

"இருந்து சொல்றீங்களா?"

"இருந்து சொல்றேன்."

ஒன்றேகால் ஆயிற்று. விழுந்தவர் வரவில்லை. நான் நெல்லோரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். மருத்துவமனைக்குப் போன் போட்டேன், நர்ஸ் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "நல்லாத்தான் இருக்காரு, சும்மா சும்மா போடாதீங்க" என்று வைத்துவிட்டார். அந்தப் பெண் நெல்லைக் காலால் கோடு கோடாகத் துழாவிக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார், போய்விடுவேனோ என்று. நான் போய்விடுவேனோ என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஒன்றரைக்கு அவர்கள் வந்தார்கள். இரண்டு வண்டி, மூன்று பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு வலது கையில் மாவுக்கட்டு, அதைத் தாங்கக் கழுத்தில் துணித் தொட்டில். இறங்கும்போதே அந்தப் பெண்ணைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"அண்ணே, அந்தக் கல்ல வெச்சது நான். இவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. காலைல என் வண்டி இங்க நின்னுபோச்சு. இவங்களக் கேக்காம எடுத்தேன், எடுக்காம விட்டுட்டுப் போயிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்க" என்றார். "ஒரு கல்ல எடுத்து ஓரமாப் போட எவ்வளவு நேரமாவும்?"

அந்தக் கேள்வியை ஆறு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன், வார்த்தை மாறாமல். எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்பது அதுதான் முதல் தடவை. மாமாவின் வியாதியைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லக் கூடாது என்று தோன்றியது. மாவுக்கட்டுக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து வைப்பது வெட்கமாக இருந்தது.

"ஒரு நிமிஷம்கூட ஆவாதுண்ணே. நான்தான் எடுக்கல. எலும்பு முறிஞ்சிருக்கா?"

"கீறல் விட்டிருக்காம். ஒண்ணரை மாசம் அசைக்கக் கூடாதாம். நான் தையக்காரங்க. இந்தக் கைதாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. "என்ன மன்னிச்சிருங்கண்ணே. ஒங்களுக்கு என்ன வேணுமோ நான் செய்றேன். எங்கயும் போயிற மாட்டேன், என் நம்பர், என் வீடு எல்லாம் எழுதிக்குங்க."

அவர் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. கடைசியில் தலையை அந்தப் பெண் பக்கம் அசைத்தார். "எங்கிட்ட அப்பறம் கேளுங்க. மொதல்ல அந்த அம்மாக்கிட்ட கேளுங்க. நான் இவங்களத்தான் அடிக்கப் போனேன்."

நான் திரும்பினேன். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் சொன்னார்: "கல்ல எடுத்த எடத்துல வெச்சிருங்க."

குனிந்து இரண்டு கையாலும் கல்லைத் தூக்கினேன். காலையில் ஓடிவந்த அவசரத்தில் கனம் தெரியவில்லை. இப்போது தோள்பட்டை இற்றுவிடும் போல இருந்தது. யாரும் கை கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. செங்கல் துண்டுக்கும் உடைந்த மைல் கல்லுக்கும் நடுவே பல் விழுந்த மாதிரி காலியாக இருந்த இடத்தில் வைத்தேன். அந்த மூன்று பேரும் அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தத் தையல்காரர் வீட்டுக்கு அதற்குப் பிறகு பல தடவை போனேன். அது வேறு கதை, சொல்லிக்கொள்ள அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் அன்று திரும்பிப் போகும் ஆட்டோவில் என் மனம் அவரிடம் இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் என் பல்லை உடைத்த கல்லை வைத்தவரிடம் இருந்தது. இத்தனை நாளும் அவரை ஒரு தடியனாக, வெற்றிலை எச்சில் துப்பும் திமிர் பிடித்த ஆளாகத்தான் நினைத்து வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அவர் வண்டியில் கூட யார் இருந்திருப்பார்கள், எங்கே போய்க்கொண்டிருந்திருப்பார்கள் என்று யோசித்தேன். யா அல்லாஹ், அந்தப் பதுவாவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எடுத்துக்கொள்ள முடியுமா, அது எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

உள்ளே நுழையும்போது மணி இரண்டு இருபது. இயந்திரத்திலிருந்து மாமாவைப் பிரித்து, கையில் பஞ்சு வைத்துக் கட்டிப் படுக்கை ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மூச்சு சீராக இருந்தது. கால் வீக்கம் வற்றியிருந்தது. என் முகத்தைப் பார்த்தார்.

"கல்லு இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா."

"யாரும் விழுந்தாங்களா?"

"ஒருத்தர்."

"உசுருக்கு?"

"ஒண்ணுமில்ல. கை. வலது கை."

ஆறு வருடங்களுக்கு முன் நான் சாலையில் கொடுத்த பதுவாவைக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். விழுந்த என்னையும் மகளையும் அழைத்துப் போக வந்தவர் அவர்தான். கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக் கண்ணில் சுண்ணாம்பு இன்னும் இருந்தது.

"சரி, கையக் குடு" என்றார்.

ஊசி போட்ட கையை ஊன்றக் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் என்னைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்திருப்பார். இரண்டு கையையும் நீட்டினேன். நன்றாக இறுக்கிப் பிடித்து, தன் முழுக் கனத்தையும் என் மேல் போட்டு, எழுந்து நின்றார்.